கொல்லைக் கிணற்றில் வலை விட்ட உமையாள் அம்மையார்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, அம்மையாரின் அண்ணன் தெய்வசிகாமணி அவர்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, களை எடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் கீழக்கொல்லை ஊர் மக்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவர் இதோ, இரண்டாவது வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, நம்ம கமலக்கண்ணன், அவர்தான். அன்றைக்கு அவருடைய கரும்புக் கொல்லைக் கிணற்றில் புதிதாக ஓர் அம்மா வந்து வலை விட்டுக்கொண்டிருந்தார். இவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

“வாத்தியாரே, எங் கெணத்துல கண்ணே இல்லாத பூச்சி இருக்குதாம். அதப் பாக்கறதுக்கு அந்தம்மாவுக்கு கவர்மெண்ட்டு பணம் குடுக்குதாம். நம்ம பணம்தான அது? இது நாயமா, நீங்களே சொல்லுங்க.”

நான் முப்பத்து நான்கு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன். பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. “எதுக்காவது உதவும்பா, போய் வேலையப் பாரு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் நான் மதிப்பெண் போட்டிருப்பேனா? போட்டிருக்க மாட்டேன்!

அந்தப் பதிலை இன்றைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. முனைவர் உமையாள் அம்மையார் மூன்று வாரத்துக்கு முன்பு மாரடைப்பால் நம்மை விட்டுப் போய்விட்டார். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கொடுத்த காலத்தில் இன்னும் பதினேழு மாதம் பாக்கி இருக்கிறது. வேறொரு பேராசிரியர் பொறுப்பேற்று அதை நடத்துவதா, இல்லை இத்தோடு மூடிவிடுவதா என்று இந்த மாதம் முப்பதாம் தேதி ஒரு குழு கூடி முடிவு செய்யப்போகிறது. மூடினால் பன்னிரண்டு வருட வேலை பாதியில் அறுந்துபோகும். அதனால்தான் இன்று அழுதுவிட்டுக் கலைந்துபோக நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

யார் இந்த உமையாள்? வில்லியனூர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கடையில் உட்காரச் சொன்னால் தராசுத் தட்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பெண் என்று அவர் அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். படித்தார், மேலே படித்தார், பேராசிரியர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு தொப்பி, ஒரு வலை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் ஊர் எல்லையில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். பதினோரு கிணறு. ஒவ்வொன்றிலும் அடிமட்டம் வரை வலையை இறக்கி, மெதுவாக மேலே இழுப்பார். வலையின் கடைசியில் ஒரு சின்ன பாட்டில். அதில் வந்து சேர்வதைப் பார்த்து எழுதிக்கொள்வார். வலைக்குக் கட்டிய கயிறு அண்ணன் கடைக் கயிறு. தங்கச்சிக்கு எதற்கு இத்தனை முழம் கயிறு என்று கடைப் பையன்களுக்குப் புரியவே இல்லையாம்!

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கமலக்கண்ணன் மனைவி ஜெயா ஓடி வந்தார்.

“டாக்டரம்மா, முட்டி வலி தாங்கல. ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க.”

“நான் அந்த டாக்டர் இல்லம்மா. பூச்சி டாக்டர்.”

“அப்ப மாட்டுக்கு உண்ணி இருக்குதே, அதுக்காவது?”

“அந்தப் பூச்சியும் இல்ல.”

“பின்ன எந்தப் பூச்சிக்குத்தாம்மா நீங்க டாக்டரு?”

அம்மையார் பாட்டிலைத் தூக்கி வெயிலில் காட்டினார். ஜெயாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. “வெறுந்தண்ணிக்கா டாக்டரு!” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் பூச்சி டாக்டரம்மா. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பூச்சியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறால், நண்டு இவற்றுக்கு உறவு. அரிசியை உடைத்து, அந்த நொய்யை மறுபடியும் உடைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் நீளம். நிறம் கிடையாது, கண் கிடையாது. தரைக்கு அடியில், மணலுக்கு நடுவில் இருக்கிற இருட்டுத் தண்ணீரில் பரம்பரை பரம்பரையாக வாழ்கிறது. வெளிச்சமே வராத இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாம் கிணறு வெட்டியதால் அதன் உலகத்துக்கு ஒரு ஜன்னல் திறந்தது. அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தவர் உமையாள் அம்மையார். கமலக்கண்ணன் கிணற்றில் இருந்த வகை அதுவரை வேறெங்கும் பதிவாகாத வகை. ஆனால் அதை அவர் எங்களிடம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினேழு, பிப்ரவரி மாதம். ஆராய்ச்சிக்கு அடுத்த மூன்று வருடம் பணம் தரலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அம்மையார் ஒரு வார்த்தை சொன்னார்: “சார், ஞாயித்துக்கிழமை குழு வருது. நம்ம கிணத்தத்தான் முதல்ல காட்டப்போறேன்.” அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம் ஊருக்கு அதிகாரி வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோம்? ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவோம்! நாம் கற்றுக்கொண்ட மரியாதை அது. நம் டாக்டரம்மா மானம் போகக் கூடாது, அழுக்குக் கிணற்றைக் காட்டினால் டெல்லிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் முதலில் சொன்னேன். சனிக்கிழமை இருபது பேர் கூடினோம். மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தோம். பாசியைச் சுரண்டினோம். சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஜெயா கிணற்றடியில் கோலம் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கிணற்றுக்குள் கொட்டினோம். கொட்டச் சொன்னவன் யார்? அறிவியல் வாத்தியார்! குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் முறை என்று எட்டாம் வகுப்புக்கு நடத்திய அதே பாடத்தை நம்பிச் சொன்னேன்.

மறுநாள் குழு வந்தது. இளநீர் கொடுத்தோம். வலை இறங்கியது, ஏறியது. பாட்டிலில் தண்ணீர் பளிங்கு போல இருந்தது. எங்கள் எல்லாருக்கும் ஒரே பெருமை. ஜெயா முன்னே வந்து சொன்னார், “பாருங்க சார், ஒரு பூச்சி இல்ல! அவ்ளோ சுத்தம்!”

உமையாள் அம்மையார் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கிணற்றுச் சுவரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்.

“பிளீச்சிங் யார் போட்டது?”

“நான்தாம்மா” என்றேன். “ரெண்டு மூட்டை. உங்களுக்காகத்தான்.”

அவர் என்ன செய்திருக்கலாம்? கத்தியிருக்கலாம். பக்கத்துக் கிணற்றுக்குக் குழுவைக் கூட்டிப் போயிருக்கலாம். பழைய பாட்டிலை எடுத்துக் காட்டி, இதோ பாருங்கள் என்று சமாளித்திருக்கலாம். குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். அம்மையார் அவரிடம் திரும்பிச் சொன்னார்.

“சார், இந்தக் கிணத்துல இன்னைக்கு ஒரு உயிரும் இல்ல. நேத்து வரைக்கும் இருந்தது. நாலு வருஷமா வர்றேன். இவங்க கிணத்துல என்ன இருக்குன்னு இவங்களுக்கு ஒரு நாள்கூட நான் காட்டல. தப்பு என்னோடது.”

தப்பு என்னோடது! யார் செய்த தப்பு, யார் ஏற்றுக்கொண்டார்!

கோயம்புத்தூர்க்காரர் கேட்டார், “அப்ப அடுத்த மூணு வருஷம் என்னம்மா செய்வீங்க?”

“திரும்பி வருதான்னு பாப்பேன். வந்தா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாப்பேன்.”

“வரலைன்னா?”

“வரலைன்னு எழுதுவேன்.”

“இதனால யாருக்கு என்ன நன்மைன்னு விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருக்கே.”

“அதுல ‘இப்போது தெரியாது’ன்னுதான் சார் எழுத முடியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எதுக்குத் தேடணும்?”

அந்த மனிதர் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தார். பணம் வந்தது.

அடுத்த மாதம் அம்மையார் வரும்போது ஸ்கூட்டரின் முன்னால் ஒரு நுண்ணோக்கி இருந்தது. ஜெயா வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதை வைத்தார். வேறு கிணற்றில் எடுத்த பூச்சியை அதில் காட்டினார். ஊரே வரிசையில் நின்றது. ஜெயா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சட்டென்று தலையை எடுத்துவிட்டார்.

“ஐயோ, இதுக்குக் காலெல்லாம் இருக்குதே! நண்டுக் குஞ்சாட்டம் ஓடுது. இதையா சாவடிச்சோம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“இப்ப சொல்றேன்ல ஜெயா” என்றார் அம்மையார்.

அதன்பிறகு காத்திருப்பு. மாதா மாதம் வலை இறங்கியது, வெறும் வலையாக ஏறியது. ஒரு மாதமா, இரண்டு மாதமா? இருபத்தைந்து மாதம்! அண்ணன் தெய்வசிகாமணி ஒருநாள் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: “மூணு மாசம் நகராத சரக்க நான் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுவேன் சார். இவ ரெண்டு வருஷமா ஒண்ணுமில்லாத பாட்டில தூக்கிக்கிட்டு வர்றா. கேட்டா சந்தோஷமா வேற இருக்கா!” ஐயா, நீங்கள் சொன்னது கடைக்காரர் நியாயம். அதில் தவறில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே புதுக் கயிறு வெட்டிக் கொடுத்தீர்களே, அது அண்ணன் நியாயம்.

இருபத்தாறாவது மாதம், இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரல். உதவியாளராக வந்து சேர்ந்திருந்த ஹேமலதாதான் முதலில் பார்த்தது. காட்டேரிக்குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, “மேடம், ஒண்ணு நகருது” என்றது. ஒன்றே ஒன்று! ஜெயா அன்றைக்குக் கேசரி கிண்டினார். கமலக்கண்ணன், “எங் கெணத்துக்குக் கொழந்த பொறந்திருக்கு” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

வந்தது எங்கிருந்து? அதுதான் அம்மையாரின் கேள்வி. முன்பிருந்த வகைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். காலில் ஒரு முடி கூடுதல். அந்தக் கூடுதல் முடி உள்ளவை அதுவரை ஏரிக்கரை ஓரத்துக் கிணற்றில் மட்டும்தான் இருந்தன. அப்படியானால் ஏரிக்கரையிலிருந்து கமலக்கண்ணன் கொல்லை வரை, ஒன்றரை கிலோமீட்டர், நம் காலுக்கு அடியில் தண்ணீருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். “ஒரு பூச்சிய வெச்சு முடிவா சொல்லக் கூடாது சார். வழி இருக்கலாம்னு மட்டும்தான் சொல்லலாம்” என்று என்னைத் திருத்தினார்.

அடுத்த வருடம், ஊரில் செப்டிக் டேங்க் கழிவைக் கொட்ட ஏரிக்கரை மூலையில் பெரிய குழி தோண்டலாம் என்று பேச்சு வந்தது. காலி இடம், வசதியான இடம் என்று நானும் தலையாட்டினேன். அம்மையார், எந்தக் கிணற்றில் எந்த வகை என்று தன் கையால் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். தண்ணீரைச் சோதிக்கிறவர்களை அழைத்துச் சாயம் விட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். ஏரிக்கரையில் விட்ட சாயம் நாள் கணக்கில் நகர்ந்து நகர்ந்து எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? நாம் குடிக்கும் தண்ணீர் எடுக்கிற போர்வெல்லில்! குழி வேறு இடத்துக்குப் போனது.

இன்று உங்கள் வீட்டில் பிள்ளைகள் குடித்துவிட்டு வந்த தண்ணீர் அந்தத் தண்ணீர்தான். அந்த நன்மையை இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் எந்த விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியும்? யார் எழுதியிருப்பார்கள்?

கமலக்கண்ணா, உன் கேள்விக்கு வருகிறேன். நாயம்தான்பா. ஏன் என்று சொல்கிறேன். நம் ஊருக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் அரசு பஸ் வருகிறது. அதில் நாலு பேர் இருப்பார்கள். சில நாள் இரண்டு பேர். தனியார் பஸ் காலையிலும் சாயங்காலமும் கூட்டம் இருக்கும்போது மட்டும் வரும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், டீசல் போட வேண்டுமே. ஆனால் உன் மருமகளுக்கு மத்தியானத்தில் வலி எடுத்தபோது எந்த பஸ்ஸில் ஏற்றினாய்? காலியாக ஓடிய நாளெல்லாம் அந்த பஸ் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் அன்றைக்கு அது இருந்தது. ஆராய்ச்சியும் அப்படித்தான். இருபத்தைந்து மாதம் வெறும் வலைக்கு எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? கொடுக்காது. எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் போட்டால்தான் முடியும். அப்படிச் சேர்ந்து போடுவதற்குத்தான் அரசாங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அம்மையார் என்னைத் திருத்துவார். பதினோரு கிணற்றில் இரண்டில் கிடைத்ததுதான் இந்த நன்மை. மற்ற ஒன்பது கிணற்றில் கிடைத்ததெல்லாம் இன்றுவரை எதற்கும் பயன்படவில்லை. நாளைக்கும் பயன்படாமல் போகலாம். ஆனால் நம் காலுக்கு அடியில் இப்படி ஓர் உலகம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோமே, அது ஒரு குறைந்த சம்பாத்தியமா? நுண்ணோக்கியில் பார்த்த அன்றைக்கு ஜெயா முகத்தில் வந்த ஆச்சரியத்தை என் முப்பத்து நான்கு வருட வகுப்பில் நான் எத்தனை முகத்தில் வரவழைத்தேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொரோனா நாளில் வழியெல்லாம் அடைத்திருந்தபோது அம்மையாரால் வர முடியவில்லை. கமலக்கண்ணன் தானே வலையை இறக்கி, பாட்டிலை வெயிலில் பிடித்து, போனில் சொன்னார். “மேடம், ரெண்டு இருக்கு. இல்ல இல்ல, மூணு. ஒண்ணு படுத்திருக்கு.” நாயமா என்று கேட்டவர்தான்!

சாவுக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாள், இந்த மாதத்தின் முதல் ஞாயிறு. யாரும் சொல்லாமல் ஹேமலதா தனியாக வந்தது. அம்மையாரின் தொப்பி கையில் இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. பதினோரு கிணற்றிலும் வலை இறங்கியது. கயிற்றைப் பிடித்தவர் கமலக்கண்ணன். கிடைத்ததை ஹேமலதா அம்மையாரின் நோட்டிலேயே எழுதியது என்று ஜெயா சொன்னார். முப்பதாம் தேதி மூடச் சொல்லிவிட்டால் ஹேமலதாவுக்கு வேலையும் இல்லை, அந்த நோட்டுக்கு அடுத்த பக்கமும் இல்லை.

அதனால் இந்தச் சபையில் நாம் ஒரு சொல் கொடுப்போம். பதினோரு கிணற்றுக்காரர்களும் கிணற்றைத் தூர்க்க மாட்டோம், மருந்து கொட்ட மாட்டோம், யார் வந்தாலும் வலை விட வழி விடுவோம் என்று கையெழுத்துப் போடுவோம். அம்மையாரே, உங்கள் வேலையை எங்களால் செய்ய முடியாது. அதைச் செய்யத் தெரிந்தவர்களை வேண்டும் என்று கேட்க எங்களால் முடியும். முப்பதாம் தேதி அந்தக் குழுவின் வாசலில் நாங்கள் நிற்போம்.

குழு கேட்கும்: ஊருக்கு இதில் என்ன அக்கறை? வெறும் கையெழுத்துத் தாளைக் கொண்டுபோய்ப் பயனில்லை. நாம் பார்த்ததை எழுதிக் கொண்டுபோவோம். வீட்டுக்கு ஒரு தாள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டுக் கிணற்றில், கிணறு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றில், வாளியை அடி வரை இறக்கி மெதுவாகத் தூக்குங்கள். தண்ணீரை மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியைத் திருப்பி, எண்ணெய் போகக் கழுவிய தோசைக்கல்லில் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கறுப்பில் வெள்ளை நன்றாகத் தெரியும். பிறகு கையை எடுத்துவிட்டு, பேசாமல், ஐந்து நிமிடம் பாருங்கள்.